பழைய சால்னா

கழுவிக் கவிழ்த்திருந்த அண்டாவை நிமிர்த்தியபோது அடியில் மறுபடியும் எண்ணெய் ஆடை படிந்திருந்தது. ரசாக் விரலால் தொட்டான். வெதுவெதுப்பாக இருந்தது. காலையிலிருந்து வெந்நீரும் எலுமிச்சைத் தோலும் தேங்காய் நாருமாகத் தேய்த்து நகக்கண்ணெல்லாம் வெந்துபோயும், கெட்ட கொழுப்பும் சோம்பும் கலந்த அந்தப் புளித்த நெடி மட்டும் வீட்டுச் சமையலறையை விட்டு நகரவில்லை. மூக்கில் ஏறி, தொண்டையில் இறங்கி, நாக்குக்கு அடியில் வழவழவென்று உட்கார்ந்துகொண்டது.

உக்கடத்தில் அவனுடைய புரோட்டாக் கடைக்கு இருந்த பேரெல்லாம் சால்னாவால் வந்தது. நேற்று மிஞ்சியதை இன்றைய சட்டியில் ஊற்றுவான், இன்று மிஞ்சியதை நாளைய சட்டியில். அதில்தான் ருசி என்பான். வீணாக்கினால் பரக்கத்துப் போய்விடும், வீடு விளங்காது என்பான். கஞ்சத்தனத்துக்கு நல்ல பேர் வைப்பதில் மனிதனை மிஞ்ச ஆளில்லை. நோன்புப் பெருநாள் கழிந்த வாரம், கடையில் ஒத்தாசைக்கு இருந்த சாஜித், ரசாக்கின் மனைவி ரம்லாவின் ஒரே தம்பி, "மச்சான், நாறுதுங்க" என்றான். "கொதிக்க வெச்சா எல்லாம் செத்துரும், தின்னு" என்று ரசாக் அதையே அவன் தட்டில் ஊற்றினான். அந்த வாரம் முடிவதற்குள் சாஜித்தை அடக்கம் செய்தார்கள்.

ரம்லா மகள் அஃப்ஷீனைக் கூட்டிக்கொண்டு உடுமலைப்பேட்டையில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். இன்றுதான் திரும்பி வருகிறாள். பஸ்ஸிலிருந்து போன் செய்தாள்.

"எல்லாத்தையும் கொட்டிப்போட்டீங்களா?"

"கொட்டிட்டேன் ரம்லா. கடையவே மூடியாச்சு."

"ஒரு சொட்டு இருந்தாலும் அப்படியே திரும்பிருவேனுங்க. புள்ளையவும் இனி நீங்க பாக்க முடியாது."

போனை வைத்துவிட்டு ரசாக் பிரிட்ஜைப் பார்த்தபடி நின்றான். ஃப்ரீசரில், ஐஸ் கட்டிகளுக்குப் பின்னால், ஒரு சின்னத் தூக்குப்போசி நிறைய அந்தச் சால்னா இருந்தது. எல்லாவற்றையும் கொட்டியவனுக்கு அதை மட்டும் கொட்டக் கை வரவில்லை. இப்போது கொட்டிவிடலாம் என்று எடுத்தான். மகள்மேல் ஆணையாக அப்படித்தான் நினைத்தான்.

ஃப்ரீசரில் கிடந்த போசி கையைச் சுட்டது.

மூடியைத் திறந்தான். மேலே மஞ்சள் ஆடை விரல் தடிமனுக்கு இறுகியிருந்தது; அது மெல்ல உப்பியது, மெல்ல அமுங்கியது. ஓரத்தில் சாம்பல் பூத்த ஒரு இறைச்சித் துண்டு, அதன் நரம்பு இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. நாற்றம் முகத்தில் அடித்தது. அவனுக்குக் குமட்டியது. குமட்டலுக்கு நடுவிலேயே வாயில் எச்சில் ஊறியது. தன் நாக்கை நினைத்து அவனுக்கே அருவருப்பாக இருந்தது. இருந்தும் விரலை விட்டு நக்கினான். அப்படியொரு ருசி அவன் கைக்கு என்றைக்குமே வாய்த்ததில்லை.

ஒரு கொதி விட்டால் போதும். எல்லாம் செத்துவிடும். அப்புறம் யாருக்குத் தெரியப்போகிறது.

அடுப்பில் வைத்தான். சால்னா பொங்கியது. போசி கொள்ளாமல் சட்டிக்கு மாற்றினான். சட்டியும் கொள்ளவில்லை. கழுவி வைத்த அண்டாவில் ஊற்றினான். அண்டா நிறைந்தது. குமிழிகள் ஒவ்வொன்றாக வெடித்தன. வெடிக்கும்போது ஒரு சத்தம். யாரோ வாய் நிறையச் சோற்றோடு மெல்லுவதுபோல.

பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு முடிந்த நேரம், வாசல் கதவு திறந்தது.

ரம்லா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சமையலறை வாசலிலேயே நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் அஃப்ஷீன். ரம்லா அண்டாவைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"கொட்டுங்க. என் கண்ணு முன்னால கொட்டுங்க. இப்பக் கொட்டினாலும் உள்ள வாரேன்."

"அத்தா, கொட்டிருங்க அத்தா," என்றாள் அஃப்ஷீன்.

ரசாக்குக்கு அழுகை வந்தது. கொட்டத்தான் வேண்டும். துணி சுற்றி அண்டாவைத் தூக்கிப் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் சாய்த்தான். ஒரு சொட்டு விழுந்தது. ஒரே சொட்டு. சாஜித்துக்கு மண் போட்டபோதுகூட அவன் நெஞ்சு இப்படிப் பிசையவில்லை.

கை திரும்பியது.

விளிம்பு வாய்க்கு வந்தது. கொதிக்கக் கொதிக்கக் குடித்தான். நாக்கு வெந்தது. குடித்தான். தொண்டை உரிந்தது. குடித்தான். சால்னா குறையவில்லை. வெந்த கீழுதடு கழன்று, தொளக்கென்று அண்டாவுக்குள் விழுந்தது.

ரம்லா மகளின் கண்ணை மூடினாள்.

ரசாக் அண்டாவைத் தரையில் இறக்கினான். பக்கத்தில் குந்தினான். சட்டைக் கையை மடித்துவிட்டு, கொதிக்கும் சால்னாவுக்குள் முழங்கை வரை கையை விட்டு, விழுந்ததைத் துழாவித் தேட ஆரம்பித்தான்.