பன்னிரண்டாம் எண் உறை

தொலைபேசி அலறியது.

இரத்தக் குழாய்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த டாக்டர் தனுஜா, இடக்கையால் எடுத்தாள்.

“டாக்டர், கோலா சிலாங்கூர் போலீசு, இன்ஸ்பெக்டர் காளியண்ணன் பேசறேன். புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்துல ஒரு லோரி டிரைவரு. சிறுநீர் கோப்பி ஓ மாதிரி கறுப்பாப் போவுது. பொண்டாட்டி விஷம் வெச்சிட்டாங்கறாரு. உங்ககிட்ட ரத்தம் குடுத்தவராம். பேரு செல்வா.”

தனுஜாவின் கை நின்றது.

செல்வா... பன்னிரண்டாம் எண்!

தோட்டத்துக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக இறங்கிவரும் இரத்தக் குறைபாடுகளை ஆராய்வது அவள் பணி. மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைக்கு அதற்கான சோதனை உண்டு. தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்த செல்வாவுக்கு அது நடக்கவில்லை. நாற்பத்தைந்தாம் வயதில், தனுஜாதான் கண்டுபிடித்தாள்... ஜி6பிடி குறைபாடு!

சில மருந்துகள் அவனுக்கு ஆகா. துணிப் பெட்டியில் போடும் பாச்சை உருண்டை அறவே ஆகாது. சிறு துண்டு வயிற்றுக்குள் போனாலும் சிவப்பணுக்கள் உடைந்து நொறுங்கும்.

அந்த உருண்டையின் நச்சைத்தான் மருத்துவர்கள் அவன் உடலில் கண்டிருந்தார்கள்.

தனுஜா போய்ச் சேர்ந்தபோது, காவல் நிலையத்தில் செல்வாவின் மனைவி மோகனா சுவரோடு சுவராக அமர்ந்திருந்தாள். மறுநாள் காலை நீதிமன்றம். அவளுடைய அலமாரியில் பாச்சை உருண்டைப் பொட்டலம் ஒன்று, பிரித்த நிலையில் கிடைத்திருந்தது.

“யாரு வீட்டு அலமாரிலதான் அது இல்ல, டாக்டரம்மா?” என்றாள். “பதினெட்டு வருசம் செம்பனைப் பழம் பொறுக்கி அந்த வீட்ட எம்பேருக்கு வாங்குனேன். போன மாசம் விவாகரத்துக்குப் போட்டேன். இப்ப நான் உள்ள போனா, வீடும் அவருக்கு, புள்ளையும் அவருக்கு.”

காளியண்ணன் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. செல்வாவுக்கு அந்தக் குறைபாடு இருப்பது யாருக்குத் தெரியும்?

தனுஜா தலைகுனிந்தாள்.

முடிவுகளை உறையிலிட்டு, தோட்டத்துக் கோயில் மண்டபத்து மேசையில் வைத்திருந்தாள். உறையின்மேல் பெயரில்லை; எண் மட்டுமே. ஆகாதவற்றின் பட்டியலையும் தமிழில் எழுதி உள்ளே வைத்திருந்தாள். இரத்தம் சரியில்லாத குடும்பம் என்று பேச்சு கிளம்பினால் பெண்களுக்கு வரன் வராது என்று ஊரே கெஞ்சியதால், எடுத்தவரிடம் கையெழுத்துக்கூட வாங்கவில்லை.

பன்னிரண்டாம் எண் உறை போயிருந்தது. எண் எழுதிய சீட்டு செல்வாவின் வீட்டில்தான் இருந்தது. எடுத்தது கணவனா, மனைவியா?

தான் எடுக்கவேயில்லை என்று செல்வா வாக்குமூலம் கொடுத்திருந்தான். அப்படியானால் மோகனாதான் என்பது காளியண்ணனின் கணக்கு.

தனுஜா பரிவோடு செய்த ஏற்பாடு, இப்போது ஒரு பெண்ணின் கழுத்தில் சுருக்காக விழுந்திருந்தது!

தனுஜா எழுந்தாள்.

“இன்ஸ்பெக்டர், ஆஸ்பத்திரிக்கு வாங்க. திரைக்குப் பின்னால நின்னா போதும். இருமிடாதீங்க.”

இரண்டு பை இரத்தம் ஏறியபின் செல்வா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கண்ணின் மஞ்சள் இன்னும் தெளியவில்லை.

“நான் வெச்ச உறைய நீங்க எடுக்கலியாமே?” என்றாள் தனுஜா.

“நமக்கு எதுக்கு டாக்டர் அதெல்லாம்? நம்ம ரத்தத்துல என்னா இருக்கப் போவுது லா.”

“அப்பச் சரி.” தனுஜா ஒரு சிறிய மருந்துப் பையை நீட்டினாள். “விஷத்த முறிக்கிற மாத்திரை. ரெண்டையும் இப்பவே முழுங்குங்க.”

செல்வா வாங்கினான். பையின்மேல் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தான்.

பிரைமாகுயின்.

பையைப் போர்வைமேல் போட்டுத் தள்ளிவிட்டான்.

“இது வேணாம் டாக்டர்.”

“ஏன்?”

“எனக்கு இது ஆவாது.”

“யாரு சொன்னது?”

“நீங்கதான! இந்த மலேரியா மாத்திரை முழுங்குனா ரத்தம் ஒடஞ்சிடும்னு... உங்க தாள்லயே மொத வரில...”

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

திரை விலகியது. காளியண்ணன் சிரிக்கவில்லை.

“ரெண்டாவது வரில என்னா எழுதியிருந்துச்சு, செல்வா? பாச்சை உருண்டையா?”

அதன்பின் மறைக்க ஒன்றுமில்லை. ஒரு துணுக்கு தின்றால் ஒரு நாள் படுக்கை, மனைவிக்குச் சிறை என்று எண்ணினானாம். உயிரே ஊசலாடும் என்று எதிர்பார்க்கவில்லையாம். தனுஜா எச்சரிக்கையாக எழுதிய தாளை, அவன் சமையல் குறிப்பாகப் பயன்படுத்தியிருந்தான்!

மாலைக்குள் மோகனா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நிலையத்தைவிட்டு வெளியேறினாள்.

மருத்துவமனை வாசலில் காளியண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“இருந்தாலும் உங்களுக்குத் துணிச்சல் ஜாஸ்தி டாக்டர். அந்த ஆளு பட்டுன்னு முழுங்கியிருந்தா?”

“பை மட்டுந்தான் மலேரியா மாத்திரையோடது. உள்ள இருந்தது எங்கம்மா தின்னுற சுண்ணாம்புச் சத்து.” தனுஜா காரின் கதவைத் திறந்தாள். “முழுங்கியிருக்கலாம் இன்ஸ்பெக்டர்... போலீசு லோக்காப்புத் தரையில குந்தி எந்திரிக்க, முட்டிக்கு ரொம்ப நல்லது!”