அழித்த வரி

அழிக்கும் விசையைத் தட்டினாள். எழுத்து மறைந்தது, சிமிட்டிக்கொண்டிருந்த கோடு மட்டும் நகர மறுத்து நின்ற இடத்திலேயே நின்றது.

காலையிலிருந்தே இதே தொல்லை. ஒரு வரி கட்டளை எழுதி என்டர் தட்டினால் உடனே பதில் சொல்லும் கறுப்புத் திரை அது. பத்து வருஷமாக அவளுக்குச் சோறு போடுவதும் அதுதான். நேற்று ஆபீஸில் எதையோ மாற்றித் தொலைத்திருந்தார்கள். மேல் அம்புக்குறியை அழுத்தினால் முந்தைய வரி வருவதற்குப் பதில் கிறுக்கல் வந்தது. பராமரிப்பு பார்க்கிறவரை, எல்லோருக்கும் 'சித்தப்பு', போனில் பிடித்துக் காய்ச்சி எடுத்தாள்.

"கோவப்படாதம்மா. திரையில தெரியறது ஒண்ணு, உள்ள இருக்கிறது ஒண்ணு. நீ அழிச்சா அழிஞ்ச மாதிரிதான் தெரியும், உள்ள அப்படியே இருக்கும். காலி வரின்னு நம்பி என்டர் தட்டிடாத."

"அப்ப எதைத்தான் நம்பறது?"

"சாயங்காலம் வரைக்கும் எதையும் நம்பாத." சிரித்தபடி வைத்துவிட்டார்.

மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேசைமேல் கிடத்தியிருந்தது. கணினியிலிருந்து சூடான தூசி வாசம் வந்தது. துணி துவைக்கும் இயந்திரம் எங்கோ உறுமியது. எல்லாவற்றுக்கும் மேலே, சமையலறையிலிருந்து கணவனின் குரல், தன் தங்கையோடு ஸ்பீக்கர் போனில்.

"உங்க அண்ணி இன்னிக்கு கம்ப்யூட்டரோட சண்டை. நேத்து என்னோட. நாளைக்கு யாருன்னு சீட்டு குலுக்கித்தான் பார்க்கணும்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய பதவி உயர்வு கைநழுவிய செய்தியை அவள் வாய் திறப்பதற்குள் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் சொல்லி முடித்த வாய் அது. நேற்றைய சண்டையும் அதற்குத்தான்.

வெளியே சொல்ல முடியாததை அந்தத் திரையில் எழுதி, ஒருமுறை படித்து, உடனே அழித்துவிடுவது அவள் வழக்கம். யாருக்கும் தெரியாது. இப்போதும் விரல்கள் நோக எழுதினாள்: இந்த ஆளுக்கு வாயே இல்லாமல் போகட்டும்.

படித்தாள். ஆறியது. ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். வரி காலியானது. பழக்கத்தில் என்டரைத் தட்டினாள்.

விரல் எழுந்த பிறகுதான் சித்தப்பு சொன்னது நினைவுக்கு வந்தது.

மனிதப் பேச்சை எழுதினால் அந்தத் திரை சிவப்பில் பிழை காட்டும். எப்போதும். இப்போது காட்டவில்லை. அமைதியாக அடுத்த வரியில் சிமிட்டியது.

"நீ கேளு, அவ என்ன பண்ணா தெரியு—"

குரல் நின்றது.

துணி இயந்திரம் மட்டும் உறுமியது. பிறகு போனில் நாத்தனாரின் மெல்லிய குரல். "அண்ணா? லைன்ல இருக்கியா? அண்ணா?"

மேல் அம்புக்குறியை அழுத்தினாள். இந்த முறை கிறுக்கல் வரவில்லை. அழித்த வரி வந்தது. முழுசாக.

வாய் திரும்ப வரட்டும். எழுதினாள். என்டர்.

சிவப்பு. பிழை.

மறுபடி. பிழை. மறுபடி. பிழை.

"என்னங்க?" என்றாள். சமையலறையில் கரண்டி கலக்கும் ஓசை. காலடி. நிதானமாக. வாசலில் நிழல்.

அவள் கோபமாக இருக்கும் நாட்களில் அவன் போட்டுக் கொண்டுவரும் டீ. இரண்டு கோப்பை.

ஆவிக்குப் பின்னால் அவன் கண்கள். மூக்கு. அதற்குக் கீழே மோவாய் வரை வழவழவென்று வெறும் தோல்.

தோலுக்கு அடியில், உள்ளே, உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன.