தொட்டியில் குடல் மட்டும்

குடல் இருந்தது. உடலைக் காணவில்லை!

ஆய்வாளர் ஃபாஹிமா தொட்டிக்குள் மறுபடி எட்டிப் பார்த்தாள். நேற்று மாலை பன்னிரண்டு கடலட்டைகள் இருந்த தொட்டி. இப்போது சேமியாவைப் போலக் குடல்கள் மட்டும்...

மூடி பூட்டியபடியே இருந்தது!

கடலோர ஆலங்குடாவின் அந்தச் சின்ன ஆய்வுக்கூடத்துக்கு பொலிஸ் சார்ஜன் மஸாஹிர் வந்ததும், காவலாளி லத்தீப்பைத்தான் முதலில் பிடித்தார்.

"நீ முந்தி அட்டை பிடிக்கக் கடல்ல சுழியோடின ஆள்தானே? வயித்தைக் கீறி, குடலை எறிஞ்சிட்டு, அவிச்சு விக்கக் கொண்டு போயிட்டாய். பூட்டுத் திறப்பும் உன்ட கையில!"

"வல்லாஹி நான் தொடல்ல சேர்! களவெடுக்கிறவன் இங்க நிண்டு கீறுவானா? வீட்ட போய்த்தான் கீறுவான்!"

"அனுபவம் பேசுது!"

கொழும்பிலிருந்து வந்திருந்த அரச ஆய்வு நிதி அதிகாரி றிப்தி, கதிரையில் சாய்ந்தார்.

"அட்டைட உடம்பு எப்படி வேலை செய்யுதெண்டு படிக்கத்தான் நிதி, மிஸ். அட்டையே இல்ல. இந்த வருஷம் நான் கையெழுத்து வைக்க மாட்டன். நேத்துப் பின்னேரம் பார்த்தேனே... தண்ணியும் ஒரே கலங்கல்!"

கையெழுத்து இல்லையென்றால் ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டு!

ஃபாஹிமா ஒரு குடலைக் கரண்டியால் தூக்கினாள்.

"சார்ஜன், கத்தி பட்டா இது துண்டாகியிருக்கும். முழுசா இருக்கு! பயந்தா அட்டை குடலைத் தானே வெளியே தள்ளிடும். பிறகு புதுசு வளரும்."

"எதுக்குப் பயம்?"

அவள் தண்ணீரை நாக்கில் வைத்தாள். உப்பே இல்லை!

"நல்ல தண்ணிக் குழாயை யாரு திறந்த?"

றிப்தி கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கலங்கலா இருந்திச்சே... தொட்டிய மூட முந்தி நான்தான்... கொஞ்ச நேரம்தான்..."

"நல்ல தண்ணி அதுக்கு நஞ்சு மாதிரி சேர்!"

"அப்ப உடம்பு எங்க?" என்றார் சார்ஜன்.

ஃபாஹிமா வெளியே ஓடினாள். தொட்டியின் கழிவுக் குழாய் போய் விழும் கடல்நீர்க் குட்டையில்... பன்னிரண்டும்! மெலிந்து, உயிரோடு!

"இதைப் படிக்கத்தான் சேர் நீங்க நிதி தாறீங்க! அட்டை தன்ட தோலை இறுக்கும், கூழ் மாதிரி இளக்கும். குடலும் போனா வயிறு காலி. குழாய் வாயில இருக்கிற வலைக் கண் விரலளவு. அதுக்குள்ளால வழிஞ்சு வந்து, இங்க திரும்ப இறுகிட்டு. அந்த வாயில பொடிக் கண் நுளம்பு வலை கட்டினா எல்லாம் சரி!"

றிப்தி அவசரமாகப் பேனையைத் தேடினார்.

"அப்ப இந்தக் கைவிலங்க நான் யாருக்குப் போடுற?" என்றார் சார்ஜன்.

லத்தீப் சிரித்தார்.

"அட்டைக்குப் போட்டுப் பாருங்க சேர்... அதுக்குள்ளாலயும் வழிஞ்சிடும்!"