சக்கரத்துக்கு ஒரு கட்டை

“நீங்கதான மச்சான் தட்டுனீக?”

“நான் எங்க மாப்ளே தட்டுனேன்? இங்கன முன்னால நின்னுல்ல கொக்கியப் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“வெளையாடாதீக. டப்புன்னு ஒரு தட்டு. உங்க காதுல விழுகலையா?”

“விழுந்துச்சு.”

“ஒரு தட்டுன்னா நிறுத்து, ரெண்டு தட்டுன்னா போ. லாரிக்காரக பழக்கம் எனக்கும் தெரியும். அதான் பிரேக்கை மிதிச்சேன்.”

முன்னால் நின்ற சுயம்புலிங்கம் பின்னால் போனான். புதிதாகக் கட்டிய டிப்பர் டிரெய்லர் பட்டறைக் கூரையை விட்டுப் பாதி வெளியே வந்திருந்தது. அதன் இடது சக்கரத்துக்குப் பின்னால், கையகல தூரத்தில், ஆக்சிஜன் சிலிண்டர் நின்றது. வெல்டிங் முடிந்ததும் அதை ஓரமாக நகர்த்த மறந்திருந்தான். டிராக்டர் இன்னும் கொஞ்சம் பின்வாங்கியிருந்தால் சிலிண்டர் சாய்ந்து, மூக்கு முறிந்து, பட்டறையே பறந்திருக்கும்.

தட்டு விழுந்த இடப்பக்கத் தகட்டைப் பார்த்தான். சற்று முன்புதான் ரெட் ஆக்சைடு பூசியிருந்தது. ஈரம் மினுமினுத்தது. ஈ உட்கார்ந்தாலும் தடம் விழும்.

ஒரு விரல் தடம்கூட இல்லை.

“காத்துல தகடு அடிச்சிருக்கும்” என்றான்.

வெளியே காற்று இருந்தது உண்மைதான். 2004 ஆனி மாதம் அது. மேற்கு மலையிலிருந்து சாரல் இறங்கி, பள்ளத்தாக்கு முழுவதும் பகலிலேயே சாம்பல் நிறமாகக் கிடந்தது. ஆனால் காற்று தகட்டை அடித்தால் தகடு முனகும். இது உள்ளங்கை விழுந்த சத்தம்.

உத்தமபாளையத்திலிருந்து ராயப்பன்பட்டி போகும் வழியில் சுயம்புலிங்கத்தின் பட்டறை. டிராக்டரை ஓட்டிய விஜயபாண்டி அவனுடைய தங்கை ஞானசெல்வியைக் கட்டியவன். மலையடிவாரத்தில் திராட்சைத் தோட்டம். போன வருடம் இதே சாரலில் எருக்கூடை சுமந்து மேட்டில் ஏறிய ஞானசெல்விக்கு வயிற்றிலிருந்த பிள்ளை தங்கவில்லை. டாக்டர் அதற்கு வேறு காரணம்தான் சொன்னார். சுயம்புலிங்கத்தின் மனது கூடையைத்தான் சொன்னது. இப்போது அவளுக்கு மறுபடியும் ஐந்தாம் மாதம். இனி அவள் தலையில் ஒரு கூடை ஏறக் கூடாது. எருவைக் கொண்டுபோய்த் தானே சாய்த்துக் கொட்டுகிற வண்டி ஒன்று வேண்டும். அதற்காகத்தான் இந்த டிரெய்லர்.

தேனியில் வைகுண்டராஜின் பழைய இரும்புக் கடையில் ஒரு அடிபட்ட லாரியின் சேஸிஸும் பின் ஆக்சிலும் கிடந்தன. தொட்டியைத் தூக்கும் ஜாக்கியும் அதற்கு எண்ணெய் போகும் ஹோஸும் வேறொரு டிப்பரிலிருந்து வந்தவை. அடிபட்ட லாரி என்பதில் யாருக்கும் கூச்சமில்லை. அடிபடாத லாரி எதற்குக் காயலாங்கடைக்கு வரப்போகிறது? ஒரு எலுமிச்சம்பழத்தை வெட்டிக் குங்குமம் தடவிப் போட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தார்கள்.

சேஸிஸோடு சங்கிலியில் தொங்கியபடி ஒரு மரக்கட்டையும் வந்திருந்தது. மலை ஏறும் லாரிகளில் கிளீனர் இறங்கிச் சக்கரத்துக்குக் கொடுக்கிற கட்டை. வாகை மரம். கைபட்டுக் கைபட்டு ஒரு பக்கம் கோவில் படிபோல வழவழத்திருந்தது.

ஆக்சிலில் புஷ் இறுகிப்போய்க் கழலாமல் நின்ற ஒரு மத்தியானம், கேஸ் தீர்ந்துவிட்டது. விறகு மூட்டிச் சூடாக்கலாம் என்று கையில் அகப்பட்ட சட்டங்களையெல்லாம் சுயம்புலிங்கம் அடுக்கினான். அந்தக் கட்டையையும் சங்கிலியிலிருந்து கழற்றிப் போட்டான். மற்றவை எரிந்து முடிந்த பிறகும் அது எரியவில்லை. உள்ளுக்குள் கனன்று கனன்று, கிரீஸும் பீடியும் சேர்ந்த ஒரு வாடையை விட்டுக்கொண்டிருந்தது. சாயங்காலம்தான் சாம்பலானது.

அந்த வாடை பட்டறையை விட்டுப் போகவே இல்லை.

முதல் தட்டு கேட்ட மறுநாள், தொட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, கீழே மல்லாந்து படுத்துக் கீலுக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான் சுயம்புலிங்கம். சின்ன வேலைதானே என்று முட்டுக் கொடுக்கவில்லை. விஜயபாண்டி டிராக்டரில் உட்கார்ந்திருந்தான். மழை தகரத்தில் பொடிப்பொடியாக விழுந்தது.

வாடை வந்தது. பக்கத்தில் யாரோ பீடி பற்றவைத்ததுபோல.

டப்.

என்னவென்று யோசிக்காமலே உருண்டு வெளியே வந்தான். வெளியே வந்து எழுந்து உட்காரும்போது ஹோஸ் பிளந்தது. எண்ணெய் பீய்ச்சி அடிக்க, தொட்டி ஒரே போடாக சேஸிஸில் விழுந்தது. அவன் தலை கிடந்த இடத்தில் இரும்பு இரும்போடு சேர்ந்திருந்தது.

விஜயபாண்டி வெளுத்துப்போனான். பிறகு, பயந்தவன் சிரிக்கிற சிரிப்பைச் சிரித்தான்.

“மச்சான், நமக்குச் சம்பளம் கேக்காத கிளீனர் ஒருத்தர் வந்து சேந்துட்டாகபோல.”

சுயம்புலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. புது ஹோஸ் வாங்கத் தேனிக்குப் போனவன் வைகுண்டராஜின் கடையில் இறங்கினான்.

“அண்ணாச்சி, அந்த லாரி எங்க அடிபட்டுச்சு?”

“குமுளி மலையிலதான். ஏத்தத்துல பிரேக் போயிருச்சு. கிளீனர் பிச்சைமணின்னு ஒரு ஆளு, வயசு அம்பதுக்கு மேல. குதிச்சு எறங்கிக் கட்டையப் போட்டுருக்காரு. மழைல கட்டை வழுக்கிருச்சு. டிரைவர் கத்துனாராம், விட்டுட்டு வாய்யான்னு. மனுசன் விடலையே. கட்டைய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டே...” வைகுண்டராஜ் முடிக்கவில்லை. “பின்னால ஒரு ஜீப்பு நெறைய எஸ்டேட்டுக்குப் போற பொம்பளையாளுக. அதுல லாரி மோதல.”

சுயம்புலிங்கம் கடை மூலையில் கிடந்த சங்கிலிகளைப் பார்த்தான்.

“கட்டை சங்கிலியோட தொங்குச்சே, வச்சிருக்கீருல்ல? மலை ஓட்டுறவுக அதத் தாண்டக்கூட மாட்டாக. ஆயுதபூசைக்கு ஸ்டியரிங்குக்கு முன்னாடி அதுக்குத்தான் சந்தனம்.”

“வச்சிருக்கேன்” என்றான் சுயம்புலிங்கம்.

திரும்பும் வழியில் மரக்கடையில் வாகையிலேயே ஒரு கட்டை அறுத்து வாங்கினான். மஞ்சள் தடவி, பழைய சங்கிலியில் மாட்டினான். காலையில் வந்து பார்த்தபோது சங்கிலி வெறுமனே தொங்கியது. புதுக்கட்டை ரோட்டோரச் சாக்கடையில் கிடந்தது. கழுவி மறுபடியும் மாட்டினான்.

மறுநாளும் அது சாக்கடையில் கிடந்தது.

டிரெய்லரைப் பிரித்துப்போட்டுவிடலாம் என்று அவன் முடிவு செய்தபோது ஞானசெல்வி பட்டறைக்கே வந்துவிட்டாள்.

“ஏண்ணே, வண்டி முடிஞ்சு நாளாச்சுன்னு இவுக சொல்றாக. நீ என்னமோ பிரிக்கப் போறேங்குற. எரு மழைல கரைஞ்சு ஓடுது. உனக்கு அனுப்ப மனசில்லைன்னா சொல்லு, எனக்குத் தல இருக்கு, வீட்டுல கூடை இருக்கு.”

“ஏத்தா, வாயக் கழுவு.”

“அப்ப அனுப்பு.”

அவன் அவள் வயிற்றைப் பார்த்தான். அனுப்பினான். கூடவே தானும் போனான்.

தோட்டத்து மேட்டில் மத்தியானமே அந்தி மாதிரி இருந்தது. மலை தெரியவில்லை, மலை இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஏதோ நின்றது. எரு நிறைந்த டிரெய்லரை விஜயபாண்டி மேட்டின் பாதியில் நிறுத்தினான். புல் நனைந்து வழுக்கியது. சுயம்புலிங்கம் முன்னால் நின்று கொக்கியின் பின்னைப் பார்த்துக்கொண்டான்.

“தூக்கவா மச்சான்?”

“மெல்ல.”

தொட்டி உயர்ந்தது. எரு நகரவில்லை. பின்கதவின் கொக்கி சிக்கியிருந்தது.

“இரு, நான் போறேன்” என்று சுயம்புலிங்கம் சொல்லி வாய் மூடவில்லை. “நான் இங்கனதான் இருக்கேன்” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்த ஞானசெல்வி. தட்டிவிட்டால் திறந்துவிடும் கொக்கிதானே என்று அவள் கை வைத்துவிட்டாள்.

“ஏத்தா செல்வி, தள்ளு!”

வாடை.

டப்.

விஜயபாண்டியின் கால் பிரேக்கில்தான் இருந்தது. அதற்கு மேல் மிதிக்க ஒன்றுமில்லை. தூக்கிய பாரம் முழுவதும் பின்னால் சாய்ந்து, டிராக்டரோடு இணைத்த கொக்கியை மேலே நெம்பியது. டிராக்டரின் பின்சக்கரங்கள் தரையில் கனமிழந்தன. நின்ற சக்கரத்தோடு வண்டி புல்லில் வழுக்கத் தொடங்கியது.

டப்.

ஞானசெல்வி பின்னால் எட்டு வைத்தாள். சேறு காலை வாரியது. மல்லாந்து விழுந்தாள்.

டப். டப். டப்.

தகடு முழுவதும் உள்ளங்கைகள் அடித்தன. எல்லாமே ஒற்றைத் தட்டுகள். நிறுத்து. நிறுத்து. நிறுத்து.

சுயம்புலிங்கம் ஓடினான். ஓடும்போது கண் ஒரு கல்லைத் தேடியது. அந்த மேட்டில் கல் இல்லை. சங்கிலி வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது.

அவன் பின்னால் வந்து சேர்ந்தபோது சத்தம் நின்றிருந்தது.

வண்டியும் நின்றிருந்தது.

ஞானசெல்வியின் பாதத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு தூக்குச்சட்டி கிடக்கும் அளவு இடம். விஜயபாண்டி குதித்து வந்து அவளை அக்குளில் பிடித்து இழுத்தான். “ஒண்ணுமில்ல ஆத்தா, ஒண்ணுமில்ல” என்று அவன் அழுதான். அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். “அசையுதுண்ணே” என்றாள். “உள்ள அசையுது.”

சுயம்புலிங்கம் தலையாட்டினான். அவனால் சக்கரத்தைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

டயரின் அடிப்பக்கம் உள்வாங்கி அமுங்கியிருந்தது. கட்டை ஒன்றின் மேல் ஏறி நிற்கிற டயர் அப்படித்தான் அமுங்கும். அத்தனை டன்னும் அந்த ஒரு இடத்தில் இறங்கியிருந்தது.

அடியில் கட்டை இல்லை. கல் இல்லை. டயருக்கும் மண்ணுக்கும் இடையில் நனைந்த புல் மட்டும், யாரோ அதன்மேல் குப்புறப் படுத்திருப்பதுபோல நீளமாக நசுங்கிக் கிடந்தது.

அவன் குனிந்தான்.

கிரீஸும் பீடியும் சேர்ந்த வாடை முகத்தில் மோதியது. மிகப் பக்கத்தில், மண்ணோடு வாய் அழுந்திய ஒரு குரல், மூச்சு வாங்கி வாங்கிக் கேட்டது.

“அண்ணே... ரொம்ப நேரம் தாங்காது. என் கட்டைய எடுத்துக் குடுங்கண்ணே...”