இர்ஃபானா நசுக்கிய உரம்

கிட்ட வாங்க கண்ணுகளா, பாயில் இன்னும் இடம் இருக்கிறது. மிளகைப் போலவே இருந்த ஓர் உரத்தின் கதை சொல்லப்போகிறேன். நடுவில் கொஞ்சம் கண் கலங்கும். அதற்காக யாரும் எழுந்து ஓடிவிடக் கூடாது, கடைசியில் சிரிக்க வைத்துத்தான் அனுப்புவேன்.

கொல்லிமலையில், அரியூர் நாட்டுப் பள்ளியில் இர்ஃபானா ஆறாம் வகுப்பு படித்தாள். அவளுடைய அத்தா ஜாபர் அலி அடிவாரத்திலிருந்து வந்து, மலைமேல் புதிதாகக் கடை போட்டிருந்தார். மலைக்காரர்களிடம் மிளகு வாங்குவார். அவர்களுக்கு உரம் விற்பார்.

அவளுடைய தோழி யமுனாவின் அப்பா மாணிக்கம் அந்தக் கடையில் ஒரு மூட்டை உரம் வாங்கினார். மேலே மெல்லிய பூச்சுப் பூசிய யூரியா அது. குண்டு குண்டாக, கறுப்பாக இருந்தது. சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணில் விடும் என்று ஜாபர் அலி சொல்லியிருந்தார். ஆனாலும் மாணிக்கத்துக்குச் சந்தேகம். ஒரு பையில் கொஞ்சம் அள்ளிக்கொண்டு பள்ளிக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், இப்பத்தான் மிளகுக் கொடி நட்டிருக்கேனுங்க. உரம் மொத்தமா இறங்குனா இளவேர் கருகிப் போயிரும். மழை பேஞ்சா மிச்சமும் சரிவோட ஓடிரும். நீங்க சோதிச்சுச் சொல்லுங்க, அப்புறம் போடறேன்."

அறிவியல் ஆசிரியை அருணாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. பிள்ளைகள் தண்ணீர்ப் பாட்டில்களின் அடியை அறுத்து, தலைகீழாக நிறுத்தி, வாயில் துணி கட்டி, மண் நிரப்பினார்கள்.

"மேலே உரம் போட்டுத் தண்ணி ஊத்துவோம். கீழே சொட்டுற தண்ணியில இந்தத் திரவத்தை விட்டா மஞ்சளாகும். மஞ்சள் எவ்வளவு அழுத்தமோ, அவ்வளவு சத்து இறங்கியிருக்குன்னு அர்த்தம்" என்றார் டீச்சர், கையிலிருந்த சிறு குப்பியைக் காட்டி.

வகுப்புத் தோழன் சதீஷ்குமாருக்குச் சாதாரண யூரியா. இர்ஃபானாவுக்கு அத்தா கடை உரம். யமுனாவுக்கு வெறும் மண்.

"எனக்கு மட்டும் ஒண்ணுமே இல்லீங்களா?" என்று யமுனா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"உன்னோடதை வச்சுத்தான் மத்ததை எல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கணும், கண்ணு" என்று டீச்சர் சொன்னதும் அந்த முகம் மலர்ந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் சதீஷ்குமார் ஒரு வேலை செய்தான். இரண்டு டம்ளர் தண்ணீரில் இரண்டு உரத்தையும் போட்டுக் கலக்கினான். யூரியா காணாமல் போனது. கறுப்பு உரம் அசையாமல் கிடந்தது.

"ஏ இர்ஃபானா, உங்க கடை உரம் தூங்குது பாரு! தாலாட்டுப் பாடினீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். இர்ஃபானாவுக்குக் காது சூடானது.

கடையில் அத்தா மிளகு வாங்கும்போது ஒன்றை எடுத்து நசுக்கி முகர்ந்து பார்ப்பார். முழு மிளகு சும்மா இருக்கும். நசுக்கினால்தான் தும்மல் வரும். இதையும் நசுக்கினால் என்ன?

யாரும் பார்க்காதபோது கல்லை வைத்து நறுக் நறுக்கென்று நசுக்கினாள். அதைத் தன் பாட்டிலில் போட்டுவிட்டு, கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் சோதனையைப் பார்க்க மாணிக்கமும் வந்தார். பாட்டில்களில் தண்ணீர் ஊற்றி, கீழே சொட்டியதில் டீச்சர் திரவத்தை விட்டார். யமுனாவின் தண்ணீர் நிறம் மாறவில்லை. சதீஷ்குமாருடையது நல்ல மஞ்சள். இர்ஃபானாவுடையதும் அதே மஞ்சள்!

இர்ஃபானா பெருமையாக நிமிர்ந்தாள். டீச்சரோ நெற்றியைச் சுருக்கினார்.

"மெதுவா இறங்குற உரம்னு கடையில சொன்னாங்கன்னீங்களே. இது யூரியா மாதிரியே மொத்தமா இறங்கிருச்சே!"

மாணிக்கத்தின் முகம் வாடியது. "அப்ப என்னை ஏமாத்திட்டாருங்களா? நாளைக்கே மூட்டையைத் திருப்பிக் குடுத்துடறேன். ஊர்ல நாலு பேருக்கும் சொல்லி வெக்கோணும்."

இர்ஃபானா தன் பாட்டிலையே பார்த்தாள். அத்தாவின் பேரைக் காப்பாற்றத்தானே நசுக்கினாள்? வாயைத் திறந்தால் வகுப்பே சிரிக்கும். திறக்காவிட்டால் அத்தா கடைக்கு யாரும் வரமாட்டார்கள். பக்கத்தில் இருந்த யமுனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இர்ஃபானா எழுந்தாள். "உரம் நல்ல உரந்தாங்க. நான்தான் நசுக்கிப் போட்டுட்டேன்."

சதீஷ்குமார் சிரிக்க வாயெடுத்தான். யமுனா முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டான்.

"ஏன் சாமி நசுக்குனே?" என்றார் மாணிக்கம்.

"மிளகு மாதிரி இருந்துச்சுங்க..."

மாணிக்கம் ஒரு நொடி விழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "மிளகுக் கடைப் புள்ள வேற என்ன பண்ணும்!"

"அந்தப் பூச்சுதான் உள்ள இருக்கறதைக் காவல் காக்குது. அது உடைஞ்சா எல்லாம் ஓடிராதா?" என்றார் டீச்சர். ஆனால் திட்டவில்லை.

இர்ஃபானா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதைக் கொட்டிர வேண்டாங்க டீச்சர். பக்கத்துலயே நசுக்காததையும் வெப்போம். தினமும் ரெண்டுக்கும் தண்ணி ஊத்திப் பார்க்கலாங்களா?"

அப்படியே செய்தார்கள். நசுக்கிய உரத்தின் மஞ்சள் நாளுக்கு நாள் வெளுத்து, கடைசியில் ஒன்றுமே இல்லாமல் போனது. "ஐ! உன்னோடதும் வெறும் மண்ணாயிருச்சு!" என்று யமுனா கைதட்டினாள். நசுக்காத உரமோ ஒவ்வொரு நாளும் இளமஞ்சளைக் கொஞ்சமாகக் காட்டிக்கொண்டே இருந்தது.

சதீஷ்குமார் தன் கொய்யாவில் பாதியை இர்ஃபானாவிடம் நீட்டினான். "உங்க உரம் தூங்கல. மெதுவா நடந்து வருது" என்றான்.

மாணிக்கம் கொடிகளுக்கு அந்த உரத்தையே போட்டார். மழை பெய்தது. எந்தக் கொடியும் கருகவில்லை. துளிர்விட்டு மரத்தைப் பற்றிக்கொண்டு ஏறின. ஒருநாள் அவர் கடை வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க, இன்னொரு மூட்டை குடுங்க. நசுக்காததாப் பார்த்துக் குடுங்க!"

ஜாபர் அலி ஒன்றும் புரியாமல் மகளைத் தேடினார். அவள் மிளகு மூட்டைக்குப் பின்னால் ஒளிந்து, வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

உங்கள் வீட்டுக் கொடியும் அதேபோலப் பச்சை பிடித்து ஏறட்டும், கண்ணுகளா. உங்கள் அடுப்பில் மிளகு ரசம் மணக்கட்டும். அதை ஊற்றிச் சாப்பிட வீடு நிறைய ஆள் இருக்கட்டும்.