பிடுங்கிய ஆணி

உத்தமபாளையத்திலிருந்து கோம்பை போகும் ரோட்டில், என் டீக்கடை வாசலில் அந்த லாரி வந்து நின்றபோது நான் வடைக்கு மாவு வழித்துக்கொண்டிருந்தேன். எண்பத்து மூன்றாம் வருஷத்துக் கோடை. ரோட்டை அகலப்படுத்துகிறார்கள், புளியமரம் போகப்போகிறது என்று மாசக்கணக்கில் பேச்சு. பேச்சோடு போய்விடும் என்றுதான் இருந்தேன். சர்க்கார் காரியம் ஆமை வேகம் என்று நம்பியவன் கெட்டான்.

லாரியின் முதுகில் மடக்கி வைத்த இரும்புக் கை. அதன் நுனியில் ஒரு ஆள் இடுப்பளவு நிற்கிற மாதிரி தொட்டி. பின்னால் லிவரைத் தள்ளினால் கை நிமிர்ந்து, தொட்டி மரத்து உச்சிக்கே போய்விடும். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதற்கு உடனே தொட்டி லாரி என்று பேர் வைத்துவிட்டார்கள். அதை மதராஸில் ஏலத்தில் எடுத்ததாகப் பெருமை அடித்தார் காண்டிராக்டர் சண்முகராஜ். தேனியில் மரக்கடை வைத்திருப்பவர். தலை கொள்ளாத முடி. பேச்சுக்கு நடுவிலேயே சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்து வாரிக்கொள்வார்.

ஒரு பக்கம் கரண்டுக் கம்பி, மறுபக்கம் என் கடை. மரத்தை அடியோடு அறுத்துச் சாய்க்க இடமில்லை. உச்சியிலிருந்து கிளை கிளையாக அறுத்து, வடக்கயிற்றில் கட்டி இறக்கி, கடைசியில் மொட்டையாக நிற்கும் அடிமரத்தை அறுப்பதாக ஏற்பாடு. தொட்டியில் நின்று மோட்டார் வாள் பிடிப்பவன் வேலுச்சாமி. கீழே லிவர் பிடிப்பவன் ஜேசுராஜ்.

எல்லாம் சரிதான். அடிமரம்தான் சரியில்லை.

அதில் கைவைக்க இடமில்லாமல் ஆணி அடித்திருந்தது. ஒவ்வொரு ஆணியிலும் ஒரு கொத்து முடி. இந்தப் பக்கத்தில் பேய் பிடித்த பெண்ணைக் கோடாங்கி இந்த மரத்தடிக்குத்தான் கூட்டி வருவார். உச்சந்தலை முடியை இழுத்து மரத்தோடு வைத்து ஆணி அடித்து, பிறகு கத்தியால் அறுத்து விடுவார். பெண் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட வேண்டும். பிடித்தது மரத்தோடு நின்றுவிடும். முடி தலையில் இருக்கும்போதே ஆணி இறங்க வேண்டும் என்பது சட்டம். நான் தொழுகைக்குப் போகிறவன், எனக்கு இதெல்லாம் ஆகாது. ஆனாலும் கடைப் பலகையை அந்தப் பக்கம் போட்டதில்லை.

அதில் ஒரு ஆணி சொர்ணலதாவுடையது. என் கடையோரம் கடலை அவித்து விற்கும் சங்கிலியம்மாளின் ஒரே மகள். கல்யாணத்துக்கு முன்னால் அந்தப் பிள்ளை பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். பெற்றவளை அடையாளம் தெரியாது. விரலால் முடியைக் கோதிக்கொண்டே இருக்கும். போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "ஆத்தா, தலை பின்னி விடு" என்று கெஞ்சும். பின்னி விட்டால் சிரிக்கும். சிரித்துக்கொண்டே பின்னலை வேரோடு பிடுங்கும். ஆணி அடித்த அன்றைக்குத் தெளிந்தவள்தான். இப்போது அவளுக்குக் கைப்பிள்ளை இருக்கிறது. கோடாங்கி அறுத்த இடத்தில் மட்டும் காலணா அளவு வழுக்கை, முடி முளைக்கவே இல்லை.

சங்கிலியம்மாள் கடலைக் கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"மொதலாளி, மேல எல்லாத்தையும் வெட்டிக்கோங்க. அடிய மட்டும் இடுப்பளவுக்கு விட்டுருங்க. எம்மக உசுரு அதுல நிக்குது."

"ரோட்டு நடுவுல உன் மக உசுர வச்சுக்கிட்டு பஸ் எப்பிடிப் போகும்?" சண்முகராஜ் சீப்பை எடுத்தார். "ஏலே வேலு, ஆணியில பட்டா வாளுச் சங்கிலி தெறிச்சு ஆளக் கொன்னுரும். மொத அத்தனையும் பிடுங்கு."

வேலுச்சாமி தயங்கினான். "மொதலாளி, இது வேற மாதிரி ஆணி..."

"பிடுங்குறியா, ஊருக்குப் போறியா?"

பிடுங்கினான். ஆணி ஒவ்வொன்றும் கிறீச்சென்று கத்திக்கொண்டு வந்தது. மண்ணெண்ணெய் டின்னில் முடியும் துருவுமாக நிறைந்தது.

சங்கிலியம்மாளுக்கு ஒரு வழிதான் மிச்சம். ஆணியும் முடியும் பிரியாமல் இருந்தால், வெயில் உச்சிக்கு வருமுன் வேறு பச்சை மரத்தில் அடித்துவிடலாம் என்பார்கள். என் கடைக்குப் பின்னால் வேம்பு இருந்தது. "எம்மகளோடத மட்டும் குடுங்கய்யா" என்று கையேந்தினாள்.

சண்முகராஜ் டின்னைத் தூக்கித் தார் ரோட்டில் கவிழ்த்தார்.

"பொறுக்கிக்க."

கொதிக்கிற தாரில் அவள் மண்டியிட்டாள். எல்லா முடியும் ஒரே செம்மண் நிறம். எது தன் பிள்ளையுடையது என்று பெற்றவளுக்கே தெரியவில்லை. ஒவ்வொன்றாக மோந்து பார்த்தாள். கடைசியில் அத்தனையையும் மடியில் வாரிக்கொண்டு போய், என் அம்மிக் குழவியால் வேம்பில் அடித்தாள். விரல் நசுங்கி ரத்தம் வந்தது. அடித்து முடித்து, "அப்பாடா" என்று மரத்தில் சாய்ந்தாள்.

"ஒண்ணு கொறையுதே" என்றார் சண்முகராஜ்.

சட்டைப்பையிலிருந்து ஓர் ஆணியை எடுத்துக் காட்டினார். விளையாட்டாக ஒளித்து வைத்திருக்கிறார். அவள் பாய்வதற்குள் முடியை ஆணியிலிருந்து உருவி, மோதிரம் போல விரலில் சுற்றிக்கொண்டார். சுற்றி நின்றவர்களில் சிலர் சிரிக்கவும் செய்தார்கள். பாவிகள்.

"பேயி இருந்தா என்னையப் பிடிக்கட்டும். மொதக் கிளைய நானே அறுக்கேன். தூக்குலே ஜேசு!"

வாளை வாங்கிக்கொண்டு தொட்டியில் ஏறினார். தொட்டி ஆடி ஆடி மேலே போய் இலைக்குள் மறைந்தது. நல்ல உச்சிப்பொழுது. நிழல் அவரவர் காலடிக்குள் சுருண்டிருந்தது.

வாள் கொஞ்ச நேரம் இரைந்தது.

நின்றது.

விளக்கெண்ணெய் வாடை வந்தது. தலைக்கு வைத்து நாள்பட்ட, சிக்குப் பிடித்த வாடை. என் பால் சட்டியை மூடினேன். வாடை போகவில்லை.

மேலே சண்முகராஜ் மெதுவாக யாரிடமோ பேசினார். "நீ எப்பிடி ஏறுன?"

ஜேசுராஜ் என்னைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"பாய், லிவரு கனக்குது. தொட்டியில இருக்கது ஒத்த ஆள் பாரம் இல்ல."

"இறக்குலே" என்றேன்.

"இறக்கித்தான் பாக்கேன். வரமாட்டேங்குது."

புளிய இலை உதிர்ந்தது. இலையோடு இலையாக முடி விழுந்தது. முதலில் இழை இழையாக. பிறகு கொத்துக் கொத்தாக, வேரில் சதையோடு. ஒரு கொத்து என் கடைப் பலகையில் விழுந்தது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய முடி.

மேலே ஒரு பெண்பிள்ளை சிரித்தது.

அந்தச் சிரிப்பை நான் முன்னால் கேட்டிருக்கிறேன். யா அல்லாஹ், இன்றைக்கும் காதில் இருக்கிறது.

தொட்டி தானாக இறங்கியது. சண்முகராஜ் உள்ளே குந்தியிருந்தார். தலையில் ஒரு முடி இல்லை. தோல் கிழிந்து ரத்தம் காதுவழி ஒழுகியது. இல்லாத முடியை விரலால் கோதிக்கொண்டே எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆத்தா, தலை பின்னி விடு."

தொட்டிக்குள் அந்த ஆணி கிடந்தது. விரலில் சுற்றிய முடியைக் காணவில்லை.

தகவல் போய் அவர் மனைவி அன்னத்தாய் தேனியிலிருந்து கார் பிடித்து வந்து சேர்ந்தார். கோடாங்கியைக் கூட்டி வந்தார்கள். கோடாங்கி சண்முகராஜின் தலையைத் தடவிப் பார்த்துக் கையை எடுத்துவிட்டார். "முடி தலையில இருக்கும்போதுல்ல ஆணி அடிக்கணும்? பிடிக்க ஒத்த முடி இல்லையே தாயி, நான் எதப் பிடிக்க?" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார்.

அன்னத்தாய் சங்கிலியம்மாளின் காலில் விழுந்தார். "நீயாச்சும் ஒரு வழி சொல்லு ஆத்தா."

சங்கிலியம்மாள் ரோட்டைக் கையால் காட்டினாள். தார் முழுக்கச் சண்முகராஜின் முடி ஒட்டியிருந்தது.

"பொறுக்கிக்கச் சொல்லுங்க" என்றாள் எங்களைப் பார்த்து.

அந்த அம்மாளும் பொறுக்கினார். பிரயோசனம் இல்லை என்று தெரிந்தே முந்தானையில் பொறுக்கி முடிந்துகொண்டார். அதைப் பார்த்துச் சங்கிலியம்மாள் சத்தமாகச் சிரித்தாள். பேய் போக்கிடம் தேடிக்கொண்டது, தன் மகள் தப்பித்தாள் என்கிற சந்தோஷம். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அன்றைக்கு அவளுக்கு டீ போட்டுக் கொடுக்கவும் கை வரவில்லை.

மறுநாள் வெயில் ஏறும் நேரம் சொர்ணலதா பிள்ளையோடு வந்தாள். சங்கிலியம்மாள் பேரனைப் பலகையில் கிடத்தினாள். மகளை முன்னால் உட்கார வைத்து எண்ணெய் தேய்த்தாள். நேற்று நடந்ததை அவளுக்கு ஒன்றுவிடாமல் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சொர்ணலதா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விட்டுப்போயிருந்த லாரியை எடுத்துப்போக ஜேசுராஜ் வந்தான். முகத்தில் களை வந்திருந்தது.

"பாய், மொதலாளி தெளிஞ்சுட்டாக! விடியக்காலம் எந்திரிச்சு, எனக்கு என்ன ஆச்சுன்னு கேட்டுக் காப்பி குடிச்சாக. அது போயிருச்சு!"

சங்கிலியம்மாளின் கை மகளின் தலையில் நின்றது.

"போயிருச்சா? எங்கன போச்சு?"

அவள் மெல்ல மகளின் உச்சந்தலையை விலக்கிப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

காலணா வழுக்கையைக் காணோம்.

அந்த இடத்தில் ஒரு கொத்து முடி இருந்தது. செம்மண் நிறம். அடியில், மண்டைத் தோலில், துரு வட்டம்.

பலகையில் பிள்ளை வீறிட்டு அழுதது. சொர்ணலதா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏன் நிறுத்திட்ட?" என்றாள் சிரித்துக்கொண்டே. "பின்னி விடு ஆத்தா."