கழுத்துக்குள் நாலு அரிசி

பால் பொங்குவதற்கு முன்பே பொங்கிவிடுகிறவர் மாமியார். அன்றைக்குப் பொங்கியது தெருமுனை வரை வழிந்தது.

மூத்த மருமகள் அடுப்பை அணைக்க மறந்ததில் பாத்திரம் கரியாகிவிட்டது. படுத்தால் கும்பகர்ணனுக்கே பாடம் எடுப்பாள், எழுந்தால் ஒரு குளத்தைக் குடிப்பாள், குடித்ததை இறக்கக் குளியலறைக்கு நடந்தே தரையைத் தேய்ப்பாள் என்று மாமியார் அடுக்கினார். இளைய மருமகள் இடுப்பில் கை வைத்து ரசித்தாள்.

மாமியார் இடுப்பு ஒடிந்து கிடந்தபோது, பார்த்துவந்த டீச்சர் வேலையை உதறிவிட்டு அவரைத் தூக்கி உட்கார வைத்தவள் இந்த மூத்தவள்தான். அது எந்த யுகத்துக் கதையோ!

மூத்தவளின் கணவர் மருந்துக்கடைக்காரர். பாதி ஊருக்கு அவர்தான் தன்வந்திரி. மனைவி அசதி என்றாள். கால்சியம் மாத்திரை கொடுத்தார். சிறுநீரகக் கல் வந்து தரையில் புரண்டாள். கல்லுக்கு ஒரு மருந்து கொடுத்தார், கால்சியத்தை நிறுத்தவில்லை. எலும்பெல்லாம் வலி என்றாள், மாத்திரையை இரண்டாக்கினார். ஒரே ஒரு தடவை ரத்தம் பரிசோதிக்கலாமே என்று கெஞ்சினாள்.

"மருந்துக்கடைக்காரன் பொண்டாட்டியே டாக்டர் வாசல்ல நின்னா, நாளைக்கு எவன் எங்கிட்ட மருந்து கேப்பான்?"

இப்போது மாமியார் தீர்ப்பை வாசித்தார். "உங்கண்ணன் வீட்டுக்குக் கிளம்பு. வேலைக்கு உடம்பு வணங்குறப்போ வா."

மருந்துக்கடைக்காரர் செய்தித்தாளில் தலையைப் புதைத்துக்கொண்டார். அவள் பெட்டியைத் தூக்கினாள். காய்ந்த சுள்ளி போல மணிக்கட்டு முறிந்தது.

"அக்காவுக்குக் கைகூட நடிக்குது பாருங்க அத்தை" என்றாள் இளையவள்.

கைக்குக் கட்டுப் போட்ட ஆஸ்பத்திரியில் ரத்தமும் எடுத்தார்கள். கால்சியம் கூரையைப் பிய்த்துக்கொண்டு நின்றது. டாக்டரம்மா குடும்பத்தையே உட்கார வைத்தார்.

"கழுத்துல, தைராய்டுக்குப் பின்னால, அரிசி மாதிரி நாலு சுரப்பி இருக்கு. அதுல ஒண்ணு வீங்கி, எலும்புல இருக்குற கால்சியத்தை உருவி ரத்தத்துல கொட்டுது. அபூர்வ வியாதி இல்லீங்க. ஆயிரம் பேர்ல ஒருத்தர் ரெண்டு பேருக்கு வரும், அம்பது தாண்டின பொம்பளைங்களுக்கு இன்னும் ஜாஸ்தி. சில பேருக்கு ஒண்ணும் தெரியாது. சில பேருக்கு வருஷக்கணக்கா மெல்ல ஏறும்... அசதி, தாகம், மறதி, கல்லு, கடைசில எலும்பு. ஆமா, இவங்களுக்குக் கால்சியம் மாத்திரை குடுத்த மேதாவி யாரு?"

தன்வந்திரி மின்விசிறியை எண்ணினார். ஒன்றுதான் இருந்தது.

வீங்கிய சுரப்பியை எடுத்துவிட்டார்கள். சில வாரங்களில் தாகம் போனது, மறதி விலகியது, முகத்தில் பழைய டீச்சர் எட்டிப் பார்த்தாள். பழைய பள்ளிக்கூடமும் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது.

அவள் கிளம்பப் பெட்டியை அடுக்கியதும் மாமியார் அழுதார். இளையவள் அதைவிட உரக்க அழுதாள். மருந்துக்கடைக்காரர் மட்டும் மெதுவாக, வீட்டை விட்டுப் போகாதே என்றார்.

அவள் மாமியாரின் கண்ணைத் துடைத்துவிட்டாள். பெட்டியை ஒரே கையால் தூக்கினாள்.

"அன்னைக்கு நீங்க போகச் சொன்னப்போ எனக்குத் தெம்பு இல்ல அத்தை. இப்போ இருக்கு."

கதவை அவளே சாத்திக்கொண்டு போனாள்.